புலியை மடக்க 15 ஆடு தாராளம்!

ஆடு புலி ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று யாரைக் கேட்டாலும், "புலி எடுத்தவன்தான்" என்றே பதில் வரும். எங்கள் புதுமடத்துக் கடற்கரை மணலில் விரலால் கோடு இழுத்து ஆடினாலும் சரி, ஹாஸ்டல் வராண்டாவில் சாக்பீஸால் போட்டு ஆடினாலும் சரி, வழக்கம் ஒன்றுதான். வயதில் பெரியவர் புலியை எடுத்துக்கொள்வார். "டேய் தம்பி, நீ ஆடு வச்சுக்க" என்பார். சின்னவன் வாயைத் திறக்காமல் 15 புளியங்கொட்டையை எண்ணி எடுப்பான். பத்து நிமிஷத்தில் ஏழெட்டுக் கொட்டை காக்கா பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். "ஆட்டுக்கு ஏதுடா ஜெயம்!" என்று எழுந்துவிடுவார்கள்.

நண்பர்களே, இது சுத்தப் பொய். ஆடு தோற்பது ஆட்டத்தின் குற்றமல்ல, வைக்கிற கையின் குற்றம். முதல் கொட்டையையே நட்டநடுவில் கொண்டுபோய் வைத்தால் புலி என்ன செய்யும், கும்பிடுமா? எந்த இடத்தில் வைத்தால் வெட்டு விழாது என்பதை அந்தக் கோடுகளே சொல்லிவிடுகின்றன. எண்ணிப் பார்க்க நமக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். டிப்ளமோ படிக்கிற நாமே எண்ணிப் பார்க்காவிட்டால் எப்படி?

முதலில் கட்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். படிக்கும்போதே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் நல்லது. ஒரு முக்கோணம். அதன் உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு உள்ளே இன்னும் இரண்டு கோடு. ஆக உச்சியிலிருந்து நாலு சாய்வுக் கோடுகள் இறங்கும். அவற்றை இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்போம். இந்த முக்கோணத்தின் குறுக்கே ஒரு செவ்வகம். செவ்வகத்தின் நடுவில் ஒரு படுக்கைக் கோடு. செவ்வகத்தின் இரு பக்கமும் முக்கோணத்துக்கு வெளியே காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். செவ்வகத்தின் மூன்று படுக்கைக் கோடுகளுக்கு மேல்வரி, நடுவரி, கீழ்வரி என்று பெயர். முக்கோணத்தின் அடிக்கோடு அடிவரி. வெளியே நீட்டிய முனைகளைக் காது என்றே சொல்லுவோம்: மேல்காது, நடுக்காது, கீழ்க்காது, இரு பக்கமும் மூன்று மூன்று. இதெல்லாம் என் வசதிக்கு நான் வைத்த பெயர், ஊரில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

புள்ளிகளை எண்ணுங்கள். உச்சி 1, மூன்று வரிகளிலும் காதோடு சேர்த்து ஆறு ஆறாக 18, அடிவரியில் 4. மொத்தம் 23.

சட்டதிட்டம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பரவலாக உள்ள ஒரு முறை இது: புலி 3. ஒன்று உச்சியில், மற்ற இரண்டும் மேல்வரி 2, 3-ல். ஆடு 15, எல்லாம் கையில். ஆட்டுக்காரர் ஒரு ஆடு வைக்க, புலிக்காரர் ஒரு புலியை நகர்த்த, இப்படி மாறி மாறி. 15 ஆடும் இறங்கும் வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. அதன் பிறகு ஆடும் கோட்டின் மேல் ஒரு புள்ளி நகரலாம். புலி ஒரு புள்ளி நகரலாம். அல்லது பக்கத்திலுள்ள ஆட்டைத் தாண்டி அதே நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் அங்கே குதித்து ஆட்டை வெட்டலாம். ஒரு தடவைக்கு ஒரு ஆடுதான். மூன்று புலியும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆடு ஜெயம். எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயம் என்பது ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டியது. பேசாமல் ஆரம்பித்தால் கடைசியில் சண்டைதான்!

இனி விஷயத்துக்கு வருவோம். புலி வெட்ட வேண்டுமானால் ஒரே நேர்கோட்டில் மூன்று புள்ளி வேண்டும்: புலி, ஆடு, காலி. அப்படியானால் எந்தக் கோட்டுக்கும் நடுவில் வராமல், எல்லாக் கோட்டுக்கும் முனையாகவே இருக்கும் புள்ளியில் உட்கார்ந்த ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. அப்படி எத்தனை புள்ளி? உச்சி ஒன்று. மேல்காது இரண்டு, கீழ்க்காது இரண்டு. அடிவரியின் இரு மூலை. மொத்தம் 7. இந்த ஏழில் உட்கார்ந்த ஆட்டுக்கு ஆயுசு கெட்டி. இன்னும் நாலு புள்ளி, அதாவது நடுக்காது இரண்டும் அடிவரி 2, 3-ம், ஒரே ஒரு கோட்டில் மட்டும் ஆபத்துள்ளவை. மீதி 12 புள்ளியில் இரண்டு பக்கமும் கத்தி.

இரண்டாவது கணக்கு இதைவிட முக்கியம். ஒரு கோட்டில் நம் ஆட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஏதாவது ஒரு பக்கம் இன்னொரு ஆடு ஒட்டி இருந்தால் போதும். அந்தக் கோட்டில் வெட்டு கிடையாது. அந்த இடத்திலிருந்து புலி குதிக்கவும் முடியாது, அந்த இடத்தில் வந்து விழவும் முடியாது. இரண்டு பக்கமும் காவல் வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் ஆட்டை வீணாக்குகிறார்கள். ஒரு பக்கமே போதும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் என்ன வருகிறது? சிவில் பிராஞ்ச் நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அடியிலிருந்து ஒவ்வொரு வரியாகச் செங்கல் வைத்துச் சுவர் எழுப்புவது!

முதல் இரண்டு ஆடு அடிவரியின் இரு மூலையில். மூலை நிரம்பியதும் அடிவரி 2, 3 இரண்டும் தானாகவே பத்திரமாகிவிடும், அங்கே இரண்டு. பிறகு கீழ்க்காது இரண்டும். இப்போது கீழ்வரி 1-ஐப் பாருங்கள். படுக்கைக் கோட்டில் காதில் ஆடு, சாய்வுக் கோட்டில் அடிமூலையில் ஆடு. இரண்டு கோடும் அடைத்தாயிற்று. அங்கே ஒன்று, எதிர்ப்பக்கம் கீழ்வரி 4-ல் ஒன்று. அதை ஒட்டிக் கீழ்வரி 2, 3. ஆக 10 ஆடு இறங்கியாச்சு, ஒன்று கூட வெட்டுப்படவில்லை. அதே முறையில் நடுக்காது இரண்டு, நடுவரி 1, 4, கடைசி ஆடு நடுவரி 2-ல். கணக்கு 15. கட்டத்தில் காலி இடம் எத்தனை? 23-ல் 18 போக 5 மட்டுமே. மூன்று புலிக்கு ஐந்து காலி இடம். புலியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"புலி மேலேயே உக்காந்துக்கிட்டு நீ சுவர் கட்டுறதை வேடிக்கை பாக்குமா?" என்று கேட்பீர்கள். பார்க்காது. விவரமான புலிக்காரர் சுவர் எழும்பும் முன்பே ஒரு புலியைக் கீழே இறக்கி வழியில் உட்கார வைப்பார். பதற வேண்டாம். வைக்கும் ஒவ்வொரு ஆட்டுக்கும் இரண்டு கோட்டிலும் ஒரு பக்கத் துணை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் வை, இல்லையென்றால் வேறு இடம் தேடு. கீழே வந்த புலி நமக்கு லாபம் என்பதுதான் வேடிக்கை. ஏனென்றால் ஒரு புலியை அடைக்க எத்தனை ஆடு வேண்டும் என்பது அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அடிமூலையிலோ காதிலோ நிற்கும் புலிக்கு 4 ஆடு போதும். அடிவரி நடுவில் நின்றால் 5. உள்ளே இருக்கும் புள்ளிகளில் 6 முதல் 8 வரை. உச்சியில் இருக்கும் புலியைத் தனியாக அடைக்க 8 வேண்டும். மூலைக்கு வந்த புலி தன் விலையைத் தானே பாதியாகக் குறைத்துக்கொண்ட புலி.

அப்படி வந்த புலியை அடைக்கும்போதுதான் அநேகம் பேர் ஆட்டைத் தொலைக்கிறார்கள். அவசரத்தில் புலிக்குப் பக்கத்திலேயே ஆட்டை வைப்பார்கள். அடுத்த புள்ளி காலி. டமால்! வரிசையை மாற்ற வேண்டும். புலி குதித்து விழக்கூடிய இடத்தை முதலில் அடை, ஒட்டிய இடத்தைப் பிறகு அடை. இடது அடிமூலையில் புலி நின்றால், முதலில் அடிவரி 3, நடுவரி 1. அதன் பிறகே அடிவரி 2, கீழ்வரி 1. (அடிவரி 3-ல் வைக்கும் முன் வலது மூலையில் ஆடு இருக்கிறதா என்று ஒரு பார்வை. நடுவரி 1-க்கும் துணை பார்த்துக்கொள்ளுங்கள்.) வலையைத் தூரத்தில் போட்டு வளைத்துக்கொண்டு வந்து கடைசியில் கரையைக் கட்டுவது கரைவலை இழுத்த ஊரில் யாருக்கும் தெரிந்ததுதான்.

இங்கே கொஞ்சம் வெளியே போய் வருகிறேன். இங்கிலாந்தில் 1983-ல் வார்ஹாமர் என்று ஒரு மேஜைப் போர் விளையாட்டு வந்தது. சின்னச் சின்னப் பொம்மை வீரர்களைப் படையாக நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடுவது. அதில் எல்ஃப் என்ற கற்பனை இனத்தாரின் படை ஒன்று உண்டு. வேகம் ஜாஸ்தி, அடி துல்லியம். ஆனால் ஆள் ஒவ்வொன்றுக்கும் விலைப் புள்ளி அதிகம், அதனால் எண்ணிக்கை குறைவு, உடம்பும் அவ்வளவு கெட்டியில்லை. அதை எதிர்த்து ஆடுகிறவன் வேகத்தில் போட்டி போட்டால் தொலைந்தான். அணி கலையாமல் நின்று, பக்கவாட்டைக் காத்து, எதிரி ஓடியாடும் இடத்தைச் சுருக்குவதுதான் வழி. நம் ஆட்டுக்காரன் செய்ய வேண்டியதும் அதுவே. ஒரு வித்தியாசம், அந்தப் பொம்மைகளை வாங்கிப் பெயின்ட் அடித்து முடிக்க நம் ஸ்காலர்ஷிப் பணம் பத்தாது. இங்கே புளியங்கொட்டையும் கிளிஞ்சலும் போதும்.

ஆந்திரா, கர்நாடகத்திலும் இதே குடும்பத்து ஆட்டம் உண்டு. நேபாளத்தில் பாக்-சால் என்கிறார்கள். அங்கே 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு, 5 ஆடு வெட்டினால் புலி ஜெயம். அந்த ஆட்டத்தை லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற இரு கணிப்பொறி அறிஞர்கள் கம்ப்யூட்டரில் போட்டு அலசி, 2009-ல் வெளியான கட்டுரையில் முடிவைச் சொன்னார்கள். இரு பக்கமும் தப்பில்லாமல் ஆடினால் ஆட்டம் டிரா. ஆக, புலிதான் ஜெயிக்கும் என்பதும் இல்லை, ஆடு பாவம் என்பதும் இல்லை. அது வேறு கட்டம், கணக்கு அப்படியே நம் 23 புள்ளிக்குப் பொருந்தாது. ஆனால் "ஆட்டுக்கு ஏதுடா ஜெயம்" என்கிறவர்களிடம் இதைச் சொல்லிவைக்கலாம்.

சரி, 15 ஆடும் இறங்கியாச்சு. இனிமேல்தான் ஆட்டுக்குச் சோதனை. இதுவரை புதுசு புதுசாக வைத்துக்கொண்டிருந்தோம். இப்போது ஒவ்வொரு தடவையும் வைத்ததில் ஒன்றை எடுத்தாக வேண்டும். எடுத்தால் ஓட்டை விழும். அழகாகக் கட்டிய சுவரைத் தானே பிரித்துக் கொடுத்துத் தோற்றவர்கள் எத்தனையோ பேர்.

இதற்கு ஒரு உபாயம், "சும்மா நகர்த்த" ஒரு ஆடு வைத்துக்கொள்வது. நான் சொன்ன வரிசையில் வைத்திருந்தால் அந்த ஆடு இடது நடுக்காதில் இருக்கிறது. அதை மேல்காதுக்கு ஏற்று, அடுத்த தடவை இறக்கு. ஏறினபோது நடுக்காது காலியாகும். ஆனால் நடுவரி 1, 2-ல் ஆடு ஒட்டி நிற்பதால் புலி அங்கே வர வழியே இல்லை. மேல்காதிலும் அதை வெட்ட முடியாது. இதே வேலையை வலப்பக்கம் செய்யாதீர்கள்! அங்கே நடுவரி 3 காலி. வல நடுக்காதைக் காலி செய்தால், நடுவரி 3-க்கு வந்த புலி நடுவரி 4-ல் உள்ள ஆட்டை வெட்டிக் காதில் போய் உட்கார்ந்துவிடும். இடப்பக்கம் அமிர்தம், வலப்பக்கம் விஷம். (இட மேல்காதில் ஒரு புலியே வந்து உட்கார்ந்திருந்தால் இந்தச் சும்மா ஆட்டம் நடக்காது. ஆனால் காதில் உட்கார்ந்த புலிக்கு விலை 4 ஆடு என்று முன்பே பார்த்தோம்.)

சும்மா நகர்த்துவதால் என்ன பிரயோஜனம்? புலியும் தன் முறைக்கு நகர்ந்தே தீர வேண்டும். நல்ல இடத்தில் நிற்கும் புலி அதை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறோம்.

நடுவரி 3-ல் உள்ள ஓட்டையை ஓரத்துக்குத் தள்ளுவது அடுத்த வேலை. நடுவரி 4-ல் உள்ள ஆட்டை 3-க்கு நகர்த்து. வல நடுக்காது ஆட்டை 4-க்கு நகர்த்து. ஓட்டை இப்போது நடுக்காதுக்குப் போய்விட்டது. இடையில் ஒரு புலி அந்தச் சந்தில் நுழைந்தாலும் அதற்கு வெட்ட எதுவும் கிடைக்காது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சுவர் முழுசானதும் கவனியுங்கள்: அடிவரியில் நிற்கும் நாலு ஆட்டுக்கும் இனி வேலையில்லை. புலி பின்பக்கம் வர முடியாதே! அவை நாலும் ரிசர்வ் போலீஸ். அவற்றை ஒவ்வொன்றாக மேலே அனுப்ப வேண்டும். கீழ்க்காது ஆடு நடுக்காதுக்கு, கீழ்வரி 4-ல் உள்ளது கீழ்க்காதுக்கு, அடிமூலை ஆடு கீழ்வரி 4-க்கு. சங்கிலி மாதிரி. நடுவில் ஓரிரு நகர்த்தல் ஆபத்தானது. ஆகவே புலிகள் இடப்பக்கம் மேயும்போது வலப்பக்கம் ஏறு, அவை வலப்பக்கம் வந்தால் நிறுத்திவிட்டுச் சும்மா நகர்த்து. இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறவன் ஆட்டுக்கு லாயக்கில்லை, புலியே எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படியே ஏறி இரு மேல்காதையும் பிடித்துவிட்டால் புலிகளுக்கு மிச்சம் ஐந்தே புள்ளி: உச்சியும் மேல்வரியின் நாலும். காலி இடம் இரண்டு.

எல்லாம் உச்சியில்தான் முடியும். நம் ரயில்வே ஸ்டேஷன் உச்சிப்புளி, ஆட்டத்தில் உச்சிப்புலி! உச்சியில் புலி இருக்கும் வரை, மேல்வரிக்கு ஏறுகிற ஆட்டுக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் அதே சாய்வுக் கோட்டில் குதித்து வெட்டிவிடும். உச்சியை விட்டுப் புலி இறங்கின மறு நிமிஷம் ஏற வேண்டும். உதாரணமாக மேல்வரி 4 காலி, வல மேல்காதில் நம் ஆடு. நடுவரி 4-ல் உள்ளதை மேல்வரி 4-க்கு ஏற்று. புலி பதறி மறுபடி உச்சிக்கு ஓடும். அதற்குள் கீழ்வரி 4-ல் உள்ளதை நடுவரிக்கு ஏற்றி ஓட்டையை அடைத்துவிடலாம். பிறகு ரிசர்வில் ஒன்றைக் கொண்டுவந்து கீழ்வரி 4-ஐ நிரப்பிக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து இன்னொரு யோசனை. ஆடு வைக்கும் கட்டத்திலேயே உச்சி காலியானால், கையில் உள்ள ஆட்டை நேரே உச்சியில் வைத்துவிடலாம். அது வெட்டுப்படாத புள்ளி. நாலு சாய்வுக் கோட்டுக்கும் மேல்முனைக் காவல் ஒரே ஆட்டில் கிடைக்கிறது. புலி தானாக இறங்கவில்லையா? மேல்வரி 1-ல் ஒரு ஆட்டை இரையாக வைத்துப் பாருங்கள். உச்சிப்புலி ஆசைப்பட்டுக் குதித்தால் ஒரு ஆட்டுக்கு உச்சியை வாங்கினோம். என் அபிப்பிராயத்தில் இது நல்ல வியாபாரம். ஆனால் வியாபாரத்துக்கும் எல்லை உண்டு. கடைசியில் மூன்று புலியையும் மேலேயே வைத்து அடைக்க 10, 11 ஆடு கையில் வேண்டும். ஆகவே நாலு ஆட்டுக்கு மேல் போனால் மூச்சு முட்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. தாளில் போட்டுப் பாருங்கள். புலிகள் மேல்வரி 1, 2, 3-ல். உச்சி காலி. ஆடுகள் மேல்வரி 4-ல் ஒன்று, இரு மேல்காதிலும் ஒவ்வொன்று, நடுவரி 1 முதல் 4 வரை நாலு, கீழ்வரி 1 முதல் 4 வரை நாலு. மொத்தம் 11, மீதி 4 ஏற்கனவே புலி வயிற்றில். இப்போது ஆட்டின் முறை. ஆடு இரண்டே தடவை நகர்ந்தால் மூன்று புலியும் அடைபட்டுப்போகும். இடையில் புலிக்கு நகர ஒரே ஒரு வழிதான் இருக்கும். முதலில் எந்த ஆடு, எங்கே? மேல்வரி 4-ஐக் காவல் காக்கிற ஆட்டை எடுக்க மனசு வராது. அதைத்தான் எடுத்துப் பாருங்களேன்.